இட்லிக் குண்டான் போன துக்கம்

எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்த முதல் மாதமே எங்களுக்கு இரண்டு விஷயங்கள் பிடிபட்டுவிட்டன. ஹெச்.ஓ.டி. சாரின் மேஜையிலிருக்கும் டிஷ்யூ பெட்டி நம் பக்கம் நகர்ந்தால், நாம் அழ வேண்டிய நேரம் வந்துவிட்டதென்று பொருள். களப்பணி மேடம் பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்தால், அழுதது போதும் என்று பொருள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் சமூகப்பணி படித்தோம்.

அந்தப் படிப்பு பாதி வகுப்பு, பாதி தெரு. வாரத்தில் சில நாள் தொண்டு நிறுவனம், ஆஸ்பத்திரி, தொழிலாளர் விடுதி என்று எங்காவது களப்பணிக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்ததும் களப்பணி ஆசிரியரோடு உட்கார்ந்து, பார்த்ததையும் பட்டதையும் பேச வேண்டும். எங்கள் கல்லூரி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்பதால் எங்களுக்கு வாய்த்தவை பெரும்பாலும் ஒரகடம் சாலையில் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகள். மேடத்துக்கு அந்தச் சாலை அத்துப்படி. குன்றத்தூரில் வீடு. பாதி நாள் ஏதாவது ஒரு கம்பெனி பஸ்ஸில் தொற்றிக்கொண்டுதான் கல்லூரிக்கு வருவார். டிரைவர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். எந்தப் பஸ்ஸை நிறுத்தினாலும், "வாங்க டீச்சர், குந்துங்க" என்று கதவைத் திறப்பார்கள்.

அந்த வருஷம் ஹெச்.ஓ.டி. சார் சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். மனசில் பழைய அடி உள்ள மாணவர்களை எப்படி நோகாமல் நடத்துவது என்பது பற்றிய பயிற்சி. போய் வந்ததிலிருந்து சார் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார். முன்பு வராண்டாவில் நின்று கத்தினால் கேன்டீன்வரை கேட்கும். இப்போது, "நீங்க இங்க பத்திரமா இருக்கீங்க" என்று காதருகில் வந்து அவர் சொல்லும்போது பிள்ளைகள் பயந்து நடுங்கினார்கள். கலந்துரையாடல் அறையின் கதவில் ‘பாதுகாப்பான இடம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டச் செய்தார். அந்தக் கதவின் தாழ்ப்பாளோ ரொம்ப நாளாக மக்கர். உள்ளேயிருந்து சாத்தினால் வெளியேயிருந்து யாராவது வந்து உதைத்தால்தான் திறக்கும்.

மேடம் அந்த அறைக்கு வந்ததும் செய்த முதல் காரியம், ஒரு செங்கல்லைத் தூக்கி வந்து கதவுக்கு அண்டை கொடுத்தது.

"இதப் பாருங்க. கதவு தொறந்துதான் கீது. பாத்ரூம் வலது கைப் பக்கம். எழுந்து போவணும்னா போங்க, என்னாண்ட கேட்டுகினு நிக்காதீங்க. மூணு மணிக்கு வுட்ருவேன். இன்னா?"

ஒவ்வொரு வகுப்பிலும் இதையே சொல்வார். இரண்டாம் வருஷம் வரைக்கும், கதவு எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பிறகும் சொன்னார். மூன்று மணி ஆனால், யார் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் பையைத் தோளில் மாட்டிவிடுவார். பாடம் நடத்த அலுப்பு, அதனால்தான் இந்த அவசரம் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். எங்கள் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. ஒருமுறை நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டார். எழுப்பியதற்கு, "கேட்டுகினுதான் கீறேன், நீ சொல்லு" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

ஆனால் அவரிடம் யாராலும் எதையும் முழுசாகச் சொல்ல முடிந்ததில்லை. களத்தில் பார்த்த ஏதோ ஒரு கஷ்டத்தில் ஆரம்பித்துப் பேச்சு மெல்ல நம் வீட்டு வாசல் பக்கம் திரும்பும். குரல் கம்மும். உடனே வேர்க்கடலை வந்துவிடும்.

"போதும்மா. மிச்சத்த வெச்சிக்க. இந்தா, தின்னு."

"இல்ல மேடம், அப்புறம் எங்கப்பா என்ன பண்ணாருன்னா..."

"சொல்ல வேணாங்கிறேன். இப்ப சொல்லிடுவ, அப்பால ராவெல்லாம் ஏன்டா சொன்னோம்னு குந்திகினு இருப்ப. தண்ணி குடி."

மனிதர்களின் துயரத்தைக் காது கொடுத்துக் கேட்பதுதான் எங்கள் தொழில் என்று பாடப் புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லித்தர வேண்டியவரோ காதைப் பொத்திக்கொண்டு கடலை நீட்டினார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்விகூட அவர் வாயிலிருந்து வந்து நாங்கள் கேட்டதில்லை.

இனி என் கதைக்கு வர வேண்டும். எனக்கு ஊர் சாத்தூர்ப் பக்கம். டிப்ளமோ முடித்ததும் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றேன். ஒருநாள் விடிகாலை ஷிஃப்டுக்குப் போன எங்கள் பஸ், நின்றுகொண்டிருந்த டிரெய்லர் லாரியில் மோதிவிட்டது. என் பக்கத்து சீட்டில் இருந்த பெண் செத்துப்போனாள். எனக்கு நெற்றியில் தையல், அவ்வளவுதான். வேலையை விட்டேன். எதையாவது படித்து வேறு ஆளாகிவிடலாம் என்று இங்கே வந்து சேர்ந்தேன். இந்தச் சங்கதி கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது என்பதில் நான் வைராக்கியமாக இருந்தேன்.

வந்து பார்த்தால் எனக்கு விதித்த களப்பணி, கம்பெனி பஸ்ஸில் ஏறுவது. பெண்கள் விடுதியிலிருந்து ஷிஃப்டுக்குப் போகும் பஸ்ஸில் கூடவே போய், வழியில் உடல்நலம் பற்றிப் பேச வேண்டும். விடுதியில் பேசினால் தூங்கிவிடுகிறார்களாம், பஸ்ஸில் ஓட முடியாதாம். இந்த யோசனையைக் கண்டுபிடித்த தொண்டு நிறுவனத்துக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

முதல் நாள் விடுதி வாசலில் பஸ் வந்து நின்றது. எல்லாப் பெண்களும் ஏறினார்கள். என் கால் ஏறவில்லை. செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன். நிமிர்ந்தபோது பஸ் போயிருந்தது. மறுநாளும் வாரைச் சரிசெய்தேன். அதற்கடுத்த நாள் பஸ் கிளம்பிய பிறகுதான் ஜன்னலில் மேடத்தின் தலையைப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டார்.

போச்சு என்று நினைத்தேன். களப்பணி நேரம் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். எழுதாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அண்ணன் ஒரு மாப்பிள்ளையோடு தயாராக இருந்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதன் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தெரிய உட்கார்ந்திருந்த மேடம் முனகிக்கொண்டே இறங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் செருப்பைத்தான் பார்த்தார். புதுச் செருப்பு, வாரில் ஒரு பழுதும் இல்லை.

"டிபன் சாப்டியா?"

"இல்ல மேடம்."

"பஸ்ஸு ஆவாதா?"

நான் மறுபடி வாரைத் தொடக் குனிந்தேன்.

"ஆட்டோ ஆவுமா?"

"ஆட்டோன்னா வந்துருவேன் மேடம். எங்கிட்டு வேணாலும் வாரேன்."

"எங்கிட்டாம், அங்கிட்டாம். வா, பூரி சாப்டலாம். நாளைல இருந்து நீ கம்பெனி கேட்டாண்ட நில்லு. எறங்கி வர்றவங்களாண்ட பேசு. பஸ்ஸ வுட அங்கதான் நல்லா பேசுவாங்க."

அவ்வளவுதான் நடந்தது. காரணம் கேட்கவில்லை. ஹெச்.ஓ.டி. சார் காரணம் கேட்டார். களப்பணியை மாற்றினால் விவரம் வேண்டும் அல்லவா? மேடம் என் எதிரிலேயே, "அந்தப் பொண்ணுக்கு பஸ்ல வாந்தி வருது சார். பொண்ணுங்க யூனிஃபார்ம் நாறிப்பூடும்" என்றார். சார் முகம் சுளித்துக் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு என்னை எங்கே பார்த்தாலும் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொள்ளும்படி தாழ்ந்த குரலில் அறிவுரை சொன்னார்.

சார் கெட்டவர் அல்ல. எங்கள்மேல் உண்மையிலேயே பாசம் உள்ளவர், எங்களைவிட முந்தி அழுபவர். ஆனால் துறையில் அவர் கட்டிக்காத்த ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பேட்ச்சும் கிராம முகாமுக்குக் கிளம்பும் முன் ஒரு மதியம் வட்டமாகத் தரையில் உட்கார வேண்டும். நடுவில் ஒரு குத்துவிளக்கு. ஒவ்வொருவராக, வாழ்க்கையில் தன்னை உலுக்கிய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். தன்னை அறியாதவன் சமூகப்பணி செய்ய முடியாது என்பது சாரின் கொள்கை. அதற்குப் பத்து மார்க்கும் உண்டு. சீனியர்கள் இதைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். "எங்க பேட்ச்ல ரெண்டு பேரு மயக்கம் போட்டு வுழுந்தாங்க, தெரியுமா?" என்பார்கள். அழாத பேட்ச் உருப்படாது என்பது துறையில் எல்லோரும் நம்பிய விஷயம். பயிற்சிக்குப் போய் வந்த பிறகு இந்தச் சடங்கை விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தோம். சார் டிஷ்யூ பெட்டியை இரண்டாக்கினார்.

எங்கள் முறை வந்தது. வட்டத்துக்கு விதிமுறை உண்டு. பகிர்பவரை யாரும், எக்காரணம் கொண்டும் இடைமறிக்கக் கூடாது. அவர் நிறுத்தும்போதெல்லாம் மற்றவர்கள், "நாங்கள் கேட்கிறோம்" என்று சேர்ந்து சொல்ல வேண்டும். மேடம் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே உட்கார்ந்தால் எழ முடியாது என்று சொல்லிவிட்டார்.

வரிசையாகச் சொன்னார்கள். ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி அவளைப் பார்த்து அழுதாள், சார் இருவரையும் பார்த்து அழுதார். என் முறைக்கு ஏதாவது பொய் சொல்லிவிடலாம் என்று யோசித்தால் பொய்யும் வரவில்லை. கண்ணை மூடினால் அந்த பஸ்தான் வந்தது. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவன் ஆரோக்கியம், பென்னலூர்ப் பையன். அவன் வாய்க்குள் எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

டிஷ்யூ பெட்டி என் பக்கம் நகர்ந்தது. சார் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குள்ள ஏதோ ஒண்ணு அடைஞ்சு கெடக்குதும்மா. பஸ்ல வாந்தி வர்றதுக்குக்கூட மனசுல ஒரு காரணம் இருக்கும். சொல்லுங்க. நீங்க இங்க பத்திரமா இருக்கீங்க."

"நாங்கள் கேட்கிறோம்" என்றது வகுப்பு.

வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்டது சுவரோரத்திலிருந்து வந்த குரல்.

"நான் ஒண்ணு பகிர்ந்துக்கணும் சார்."

சார் திரும்பினார். அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. இத்தனை வருஷத்தில் மேடம் வட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. "சொல்லுங்க மேடம், சொல்லுங்க" என்று டிஷ்யூ பெட்டியை என்னிடமிருந்து பிடுங்கி அவரிடம் கொடுத்தார்.

"எங்கம்மா எனக்கு ஒரு இட்லி குண்டான் குடுத்தாங்க சார். பித்தள. ஈயம் பூசினது."

"நாங்கள் கேட்கிறோம்."

"அத எங்க நாத்தனா வளகாப்புக்கு வேணும்னு வாங்கினு போனா. போனவ போனவதான்."

அந்தக் குண்டான் எங்கே வாங்கியது, கடைக்காரர் என்ன சொன்னார், முதல் ஈட்டில் இட்லி எப்படி ஒட்டிக்கொண்டது, இரண்டாம் ஈட்டில் எப்படிப் பஞ்சுபோல வந்தது என்று எல்லாம் வந்தது. நாத்தனாரின் குணம், நாத்தனார் வீட்டு நாயின் குணம், அந்த வீட்டுக்குப் போகும் வழி எல்லாம் வந்தது. சார் இரண்டு முறை நன்றி சொல்லி முடிக்கப் பார்த்தார். "இன்னும் முடியல சார்" என்றார் மேடம். இடைமறிக்கக் கூடாது என்பது சார் போட்ட விதி. நாங்களோ உற்சாகமாக, "நாங்கள் கேட்கிறோம், நாங்கள் கேட்கிறோம்" என்று உருவேற்றினோம்.

"அப்பால ஒரு நாளு அவ வூட்டாண்ட போய் பாக்கறேன். எங்கம்மா குடுத்த குண்டான்ல மண்ண ரொப்பி ரோஜாச் செடி வெச்சிகிறா சார்."

அந்த இடத்தில் மேடம் அழுதார். நாடகத்துக்கு அழுவது எங்களுக்குத் தெரியும், அந்த வட்டத்தில் அது நிறையவே நடக்கும். இது அப்படி இல்லை. முகம் கோணிக்கொண்டு, மூக்கு ஒழுகி, தோள் குலுங்கி அழுதார். சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. அதற்குள் வெளியே காலேஜ் பஸ் ஹாரன் அடித்தது. அந்த டிரைவர் யாருக்கும் நிற்கமாட்டார். மொத்த வட்டமும் எழுந்து செருப்பைத் தேடி ஓடியது. குத்துவிளக்கு யார் கால் பட்டோ சாய்ந்து எண்ணெய் கொட்டியது.

நான் கல்லூரி விடுதியில் தங்கியிருந்ததால் எனக்கு ஓட்டம் இல்லை. மேடம் செங்கல்லைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தக் குண்டானத் திருப்பி வாங்கலையா?"

"இன்னா குண்டான்? எனக்கு நாத்தனாவே கெடையாது. எங்க வூட்டுக்காரு ஒரே புள்ள."

"அப்ப அழுதீங்களே?"

"அது இன்னாமோ வந்துகிச்சு. நீ போய் காபி சாப்டு."

சார் விடவில்லை. மிச்சம் இருப்பவர்களுக்காக அடுத்த வாரம் வட்டத்தைத் தொடர்வோம் என்றார். மேடம், "தாராளமா சார். குண்டானோட மூடியப் பத்தி நான் இன்னும் சொல்லவேயில்ல" என்றார். எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டு சார் அந்த விவகாரத்தை முடித்தார். என் மார்க்கும் ரகசியமும் தப்பித்தன. நாத்தனாரோடு சமாதானமாகிவிட்டீர்களா என்று மட்டும் சார் வெகுநாள் மேடத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் மேடத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியபோது ஆரோக்கியம் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அடுத்த கலந்துரையாடலில் அவன் ஏதோ ஆரம்பித்தான். மேடத்தின் கை தன்னால் பைக்குள் போனது.

"போதும்பா, மிச்சத்த..."

"எனக்கு சொல்லணும் மேடம்." அவன் குரல் உடைந்தது. "அன்னிக்கே சொல்லலாம்னு எத்தினி நாளா மனசுல கோத்துகினு வந்தேன். நீங்க குண்டானு குண்டானுனு பேசி பஸ்ஸ வரவெச்சிட்டீங்க. இவளுக்கு வேணாம்னா எனக்கும் வேணாமா? உங்களுக்குக் கேக்கப் புடிக்கலன்னா அத சொல்லுங்க."

மேடத்தின் கை பையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு வெறுங்கையை வெளியே எடுத்து, "என் தப்புப்பா. எங்க வெச்சி சொல்லணும், உனக்கு?" என்று கேட்டார்.

"இங்க வேணாம். எங்க ஊர்ல, எங்க நெலம் இருந்த எடத்துல."

நிலம் இருந்த இடத்தில் இப்போது கம்பெனி காம்பவுண்டு சுவர். இருவரும் அன்றைக்கே பென்னலூர் போனார்கள். ஆரோக்கியம் மறுநாள் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தான். மேடம்தான் வெயிலில் கறுத்துப்போய் வந்தார். கடலைப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே பையில் இருந்தது. என்ன சொன்னான் என்று நாங்கள் நச்சரித்தோம். "அவன் கத அது. அவனாண்ட கேளு" என்றார். அதற்குப் பிறகு வகுப்பின் ஆரம்பத்தில் கதவு, பாத்ரூம், மூணு மணி என்ற பட்டியலோடு ஒரு வரி சேர்ந்தது. "யாருக்குனா சொல்லியே ஆவணும்னா முன்னாடியே சொல்லுங்க. நான் சாப்ட்டுட்டு வந்துர்றேன்."

இப்போது நானே ஒரகடத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஆலோசகர். தினமும் ரயிலில் வந்து சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோவில்தான் போகிறேன். பஸ் இன்னும் ஆகவில்லை. அதற்காக நான் வெட்கப்படுவதை விட்டுவிட்டேன். போன மாதம் ஸ்டேஷன் வெளியே பஜ்ஜிக் கடையில் ஒரு பழகிய முதுகு தெரிந்தது. தலை நன்றாக நரைத்திருந்தது.

"மேடம், உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

யோசித்து வைத்துச் சொன்னதில்லை. பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாப்டியா?"

"இல்ல."

"இன்னொரு பிளேட்டு போடுப்பா. குந்து. சொல்லு."

சொன்னேன். பஸ், லாரி, சத்தம் எல்லாம் சொன்னேன். அவர் பாட்டுக்கு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அவர் தின்றுகொண்டே இருந்ததால்தான் என்னால் மேலே சொல்ல முடிந்தது. யாரிடமும் சொல்லாததையும் சொன்னேன். அந்தப் பெண் ஏறியதிலிருந்தே என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். மோதிய பிறகும் சாய்ந்துதான் இருந்தாள். எல்லோரும் கத்துகிறார்கள், இவள் மட்டும் எப்படித் தூங்குகிறாள் என்று நினைத்தேன். எழுப்ப மனசில்லாமல் தோளை அசைக்காமல் வைத்திருந்தேன். யாரோ வந்து அவளைத் தூக்கும்வரை அப்படியே வைத்திருந்தேன்.

மேடத்தின் கையிலிருந்த பஜ்ஜி பாதியில் நின்றது. வேர்க்கடலை வரவில்லை, தண்ணீர் குடி என்ற வார்த்தை வரவில்லை. ரயில் ஒன்று வந்து நின்று போனது.

"அந்தப் பொண்ணு பேரு இன்னா?"

இந்தச் சங்கதியைப் பற்றி என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி. சொன்னேன். அவரும் அந்தப் பேரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு வாழைக்காய் சீவப் போய்விட்டார். மூக்கைத் துப்பட்டாவில் துடைத்தபோது, அன்றைக்கு அந்த நாற்காலியில் முகம் கோணி உட்கார்ந்திருந்த மேடம் ஞாபகத்துக்கு வந்தார்.

"மேடம், உங்களுக்கு? அன்னைக்கு அழுதீங்களே, அது என்னது?"

அவர் காம்பவுண்டுக்கு அப்பால் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இட்லி குண்டான்தாம்மா" என்றார்.

நான் மேலே கேட்கவில்லை. என் தட்டில் இரண்டு பஜ்ஜி மிச்சம் இருந்தது. தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.